அப்பாவுக்கு அறுவை சிகிச்சை, 25 நாள் விடுப்பு வேண்டும்: இஎல்லா, எம்எல்லா, சொந்த அலுவல் விடுப்பா?

தாமரைக்குளம்
எல்லோருக்கும் வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, ஈராசிரியர் பள்ளி. நான் இடைநிலை ஆசிரியர், 11 ஆண்டு முடிந்துவிட்டது. தகுதிகாண் பருவம் முடித்த ஆணை பணிப்பதிவேட்டில் ஏறியிருக்கிறது. அப்பாவுக்கு அடுத்த மாதம் பைபாஸ். மருத்துவமனை, வீடு எல்லாம் சேர்த்து 25 நாளாவது கூட இருந்தாக வேண்டும். சிஎல் (தற்செயல் விடுப்பு) 5 நாள் மீதி. இஎல் (ஈட்டிய விடுப்பு) எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரியவில்லை. "எம்எல் போட்டுடுங்க, அதுதான் சுலபம்" என்று பலரும் சொல்கிறார்கள். சம்பளம் பிடிக்காமல் எடுக்க எது சரியான வழி?

பதிவேடு
எம்எல் வேண்டாம் சார். நாம் எம்எல் என்று சொல்வதன் முழுப் பெயர் மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு. அது விடுப்பு எடுப்பவரின் சொந்த நோய்க்கு மட்டும். அப்பாவின் நோய்க்கு உங்கள் பெயரில் சான்று வாங்கினால் அது பொய்ச் சான்று, வேறு பெயர் கிடையாது.

உங்களுக்கு வரிசை இதுதான்: முதலில் ஈட்டிய விடுப்பு, முழுச் சம்பளம். அது போதாவிட்டால் சொந்த அலுவலின் பேரில் ஈட்டா விடுப்பு, அரைச் சம்பளம். 10 ஆண்டுக்குள் 90 நாள், 10 ஆண்டைத் தாண்டினால் மொத்தப் பணிக்காலத்துக்கும் 180 நாள். நீங்கள் 11 ஆண்டு என்பதால் 180 வரை போகலாம். இரண்டும் தீர்ந்தால்தான் ஊதியமில்லா விடுப்பு.

இன்னொன்று, சிஎல் 5 இருக்கிறதே என்று அதை முன்னால் போட்டு, பிறகு இஎல் தொடரலாம் என்று நினைக்காதீர்கள். தற்செயல் விடுப்பை வேறு எந்த விடுப்போடும் ஒட்ட முடியாது. ஒட்டினால் அந்த 5 நாளும் இஎல் கணக்கில்தான் கழியும்.

வைகைக்கரை
ஐயா சொல்வது விதிப்படி சரி. ஆனால் நடைமுறை வேறு. இஎல் கேட்டால் "இருப்பு பார்க்க வேண்டும், பதிவேடு கொண்டு வாங்க" என்று அலுவலகத்தில் இழுக்கிறார்கள். எம்எல் என்றால் சான்றை இணைத்தால் போதும், கேள்வி இல்லை. அவசரத்தில் இருப்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? இஎல் சரண்டருக்கு (நாட்களைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்க), எம்எல் லீவுக்கு என்றே பழகிவிட்டது.

பதிவேடு
அந்தப் பழக்கத்தால் வரும் இழப்பைச் சொல்கிறேன், பிறகு முடிவு செய்யுங்கள்.

எம்எல் அளவற்றது அல்ல. பணிக்காலம் 5 ஆண்டு வரை 90 நாள், 5 முதல் 10 வரை 180, 10 முதல் 15 வரை 270, 15 முதல் 20 வரை 360, 20க்கு மேல் 540. இவை ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாகக் கிடைப்பவை அல்ல. முன்பு எடுத்ததெல்லாம் இதற்குள் அடக்கம். 35 வயதில் அடுத்தவர் நோய்க்கு 25, 30 என்று கரைத்துவிட்டு, 52 வயதில் தனக்கே புற்றுநோய் சிகிச்சை என்று வரும்போது ஆறு மாதம் போதாமல் ஊதியமில்லா விடுப்பில் போய் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது, எம்எல் எடுத்தால் இஎல்லும் குறையும். ஆசிரியருக்கு ஆண்டுக்கு 17 நாள் இஎல், அதாவது ஏறக்குறைய 21 நாளுக்கு ஒன்று. எம்எல்லில் கழியும் ஒவ்வொரு 21 நாளுக்கும் ஒரு நாள் இஎல் கழித்துத்தான் வரவு வைப்பார்கள்.

சந்தேகம் வந்தால் அனுமதிக்கும் அலுவலர் மருத்துவக் குழுவுக்கும் அனுப்பலாம். உங்கள் பெயரில் முதுகுவலிச் சான்று, அதே தேதியில் மருத்துவமனைப் படிவத்தில் உறவினர் என்ற இடத்தில் உங்கள் கையெழுத்து. யாரோ ஒரு புகார் மனு போட்டால் அந்தக் கையெழுத்து ஒன்றே போதும், 17(ஆ) குறிப்பாணை, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டு ஆணை, வரைக்கும் போகும். சான்று கொடுத்த மருத்துவருக்கும் சிக்கல்.

கணிதப் பட்டதாரி
இஎல் இருப்பைத் தோராயமாக இப்போதே போட்டுப் பார்க்கலாம் சார். பதிவேடு பார்ப்பதற்கு முன்பே ஒரு தெம்பு கிடைக்கும்.

2014இல் சேர்ந்திருப்பீர்கள். 2020 வரை எல்லோரையும் போல ஆண்டுதோறும் 15 நாள் சரண்டர் செய்திருந்தால், ஆண்டுக்கு 2 நாள்தான் மிஞ்சியிருக்கும். ஆக 10, 12 நாள். 2020 ஏப்ரல் 27 அன்று சரண்டர் நிறுத்தப்பட்டது. ஓராண்டு என்றுதான் முதலில் சொன்னார்கள், பிறகு நீண்டது. மீண்டும் திறந்தது 2025 அக்டோபர் 1 முதல். நடுவில் 5 ஆண்டு 5 மாதம் யாரும் விற்க முடியவில்லை. 17ஐ 5ஆல் பெருக்கினால் 85, மீதி 5 மாதத்துக்கு 7. மொத்தம் 100ஐ ஒட்டி வரும். எம்எல், ஊதியமில்லா விடுப்பு ஏதாவது எடுத்திருந்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவே.

பணம் கைக்கு வரவில்லையே என்று ஐந்து ஆண்டும் வருத்தப்பட்டோம், நியாயமான வருத்தம்தான். ஆனால் அந்த நாட்கள் எங்கும் போகவில்லை, கணக்கில் கிடக்கின்றன. உங்கள் 25 நாளுக்கு அரைச் சம்பள விடுப்பே தேவைப்படாது.

தாமரைக்குளம்
100 நாளா! 20 இருந்தாலே பெரிது என்று நினைத்தேன். ஆனால் பதிவேட்டில் விடுப்புக் கணக்குப் பக்கம் 2021க்குப் பிறகு எழுதவே இல்லை என்று எழுத்தர் சொல்கிறார். என்ன செய்வது?

பதிவேடு
பாதிச் சிக்கல் அந்தப் பக்கத்தில்தான். எழுதாத நாள் இல்லாத நாள் ஆகிவிடாது, ஆனால் எழுதினால்தான் அனுமதி ஆணை போட முடியும். இப்படிச் செய்யுங்கள்.

விடுப்புக்கு மூன்று வாரம் முன்பே, விடுப்பு விண்ணப்பத்தோடு கலக்காமல், "ஈட்டிய விடுப்புக் கணக்கை இன்றைய தேதி வரை பணிப்பதிவேட்டில் பதிந்து இருப்பைத் தெரிவிக்க வேண்டுகிறேன்" என்று தனிக் கடிதம் கொடுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கூடவே ஒரு வெள்ளைத் தாளில் அட்டவணை: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை பணி, ஊதியமில்லா விடுப்பு நாள், எம்எல் நாள், வரவு, எடுத்த இஎல், சரண்டர் செய்தது, இருப்பு. சரண்டர் ஆணை எண்ணும் தேதியும் ஓரத்தில். எழுத்தர் அதைச் சரிபார்த்து ஏற்றுவது ஒரு பிற்பகல் வேலை. ஒன்றுமில்லாமல் போய் நின்றால் அவர் பத்து ஆண்டு கோப்பைத் தேட வேண்டும், அதனால்தான் இழுக்கிறது.

ஏறிய பிறகு ஒவ்வொரு வரவுக்கும் அலுவலர் சுருக்கொப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். கொண்டுவரப்பட்ட இருப்பு என்ற வரியை முந்தைய பக்கக் கடைசி எண்ணோடு ஒப்பிடுங்கள். பக்கம் திருப்பும் இடத்தில்தான் எண் மாறிவிடுகிறது, 46 என்பது 40 ஆகிவிடும்.

மலைப்பள்ளி
ஈராசிரியர் பள்ளி என்பதை யாரும் கவனிக்கவில்லை. விதியில் இடம் இருந்தும் விடுப்பு கிடைக்காமல் போவது அங்கேதான். ஒருவர் 25 நாள் இல்லை என்றால் மற்றவர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். காலை உணவு, சத்துணவு, எமிஸ் (பள்ளிக் கல்வித் தகவல் இணையதளம்) பதிவு எல்லாம் அவர் தலையில். அவருக்கே காய்ச்சல் வந்தால் பள்ளியைத் திறக்க ஆள் இல்லை.

ஆகவே வட்டாரக் கல்வி அலுவலருக்கு விடுப்பு விண்ணப்பம் போகும்போதே, பக்கத்துப் பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் ஒருவரை அனுப்பும்படி தலைமையாசிரியரின் கடிதமும் போகட்டும். உங்கள் குறுவளத்தில் (பக்கத்துப் பள்ளிகளின் தொகுப்பில்) மாணவர் எண்ணிக்கைக்கு மேல் ஆசிரியர் உள்ள பள்ளி எது என்று விசாரித்து அதன் பெயரையும் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். அலுவலர் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அறுவை சிகிச்சைத் தேதி போட்ட மருத்துவமனைச் சீட்டின் நகலை இணைத்தால், எம்எல் இல்லாமலே காரணம் கண்முன் நிற்கும்.

விடுப்பு உரிமையாகக் கோரக்கூடியதல்ல என்று அடிப்படை விதி 67 சொல்கிறது. நிர்வாகக் காரணத்துக்காக மறுக்கலாம், தள்ளிப்போடலாம். "மாற்று ஆள் இல்லை" என்ற பதிலுக்கு இடம் கொடுக்காமல் ஏற்பாட்டையும் சேர்த்தே கொடுப்பதுதான் நம் கையில் உள்ளது.

பதிவேடு
மலைப்பள்ளி சார் சொன்னதோடு ஒன்று. மறுக்க அதிகாரம் உண்டு, வகையை மாற்ற அதிகாரம் இல்லை. நீங்கள் இருப்பில் உள்ள இஎல் கேட்கும்போது, அலுவலர் தாமாகவே அதை அரைச் சம்பள விடுப்பாகவோ ஊதியமில்லா விடுப்பாகவோ மாற்றி ஆணை போட முடியாது. அப்படி வந்தால் பணிவாக எழுத்தில் சுட்டிக்காட்டுங்கள்.

கணிதப் பட்டதாரி
நாளைத் திட்டமிடுவதிலும் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. இஎல் எடுத்தால் நடுவில் வரும் சனி, ஞாயிறு, அரசு விடுமுறை எல்லாம் விடுப்பாகவே கழியும். முன்னும் பின்னும் வருவதைத்தான் முன்னிணைப்பு, பின்னிணைப்பு என்று அனுமதி வாங்கிக் கழியாமல் காக்கலாம்.

ஒரு திங்கள் தொடங்கி நான்காம் வார வெள்ளி வரை எடுத்தால் 26 நாள். முன்னால் ஒரு சனி ஞாயிறு, பின்னால் ஒரு சனி ஞாயிறு. 26 நாள் கழித்து 30 நாள் கையில் கிடைக்கும். அறுவை சிகிச்சை புதன் என்று புதனில் தொடங்கி 25 நாள் எடுத்தால் சனிக்கிழமையில் முடியும், மறுநாள் ஞாயிறு ஒன்றுதான் பின்னிணைப்பு. மொத்தம் 26 நாளே கிடைக்கும். எப்படியும் அதற்கு முன் ரத்தம், பரிசோதனை என்று இரண்டு நாள் அலைய வேண்டியிருக்கும், திங்களே நல்லது.

அந்தச் சனிகளில் ஒன்று வேலை நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று நாட்காட்டியைப் பாருங்கள். வேலை நாளை இணைப்பாகக் காட்ட முடியாது. விண்ணப்பத்தில் தேதி போட்டு "முன்னிணைப்பாகவும் பின்னிணைப்பாகவும் அனுமதிக்க வேண்டுகிறேன்" என்று எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் பிறகு கேள்வி வரும்.

வைகைக்கரை
சரண்டர் இப்போது திறந்துவிட்டதே. 26 நாளை விடுப்பாக எடுத்தால் அந்தப் பணம் போகிறது இல்லையா? அடிப்படை ஊதியம் 50,000, 2025 ஜூலை முதலான அகவிலைப்படி 58 விழுக்காடு என்று வைத்தால் மாதம் 79,000. 15 நாளுக்கு 39,500, வீட்டு வாடகைப்படி தனி. பைபாஸ் செலவு நேரத்தில் அது சின்னத் தொகை இல்லை.

கணிதப் பட்டதாரி
100 நாள் இருப்பவருக்கு இரண்டும் முடியும். 26 எடுத்து, 15 விற்றாலும் 59 மிஞ்சும். சரண்டருக்கு அவர் முறை எப்போது வருகிறது என்று சம்பளம் போடும் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளட்டும்.

ஆனால் ஆண்டுதோறும் 15ஐ விற்றுவிடும் வழக்கத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஓய்வின்போது 240 நாள் வரை இஎல் பணமாகும், அதுவும் கடைசிச் சம்பள விகிதத்தில். ஆண்டுக்கு 2 நாள் சேர்த்தால் 30 ஆண்டில் 60தான். 17ஐயும் சேர்த்தால் 14 ஆண்டுச் சொச்சத்தில் 240 நிரம்பிவிடும், அதற்கு மேல் சேராது. ஆகவே பணிக்காலத்தின் முதல் பாதியில் அவசரத்துக்கு 50, 60 நாள் இருப்பு வைத்துக்கொண்டு மீதியை விற்கலாம். கடைசி 15 ஆண்டில் விற்கவே கூடாது. இன்று 15 நாளுக்கு 39,500. அதே 15 நாள் ஓய்வு நாளின் சம்பளத்தில் எவ்வளவு என்று யோசியுங்கள்.

அந்த 50, 60 நாள் இருப்புதான் முக்கியம். 2020க்கு முன்பு நம்மில் பலரிடம் எந்த நேரமும் 10 நாள்தான் இருந்தது. வீட்டில் ஒருவர் படுத்தால் எம்எல்லைத் தவிர வேறு கதவு இல்லை. பொய்ச் சான்று பெருகியதற்குப் பாதிக் காரணம் இதுவே.

மலைப்பள்ளி
மீதிப் பாதிக் காரணம் விதியிலேயே இருக்கிறது. பெற்றோரையோ துணைவரையோ பார்த்துக்கொள்ள என்று மாநில விடுப்பு விதிகளில் சம்பளத்துடன் ஒரு தலைப்பு இல்லை. கேந்திரிய வித்யாலயா ஆசிரியைகளுக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு பணிக்காலத்தில் 730 நாள் உண்டு, 2018 முதல் தனித்து வளர்க்கும் தந்தைக்கும் உண்டு. முதல் 365 நாள் முழுச் சம்பளம், அடுத்த 365க்கு 80 விழுக்காடு. ஆனால் அதுவும் பிள்ளைகளுக்குத்தான், வயதான பெற்றோருக்கு இல்லை. சிஎல் அவர்களுக்கு ஆண்டுக்கு 8, நமக்கு 12, அதில் நாம் மேல்.

சங்கங்கள் சரண்டருக்குப் போராடின, சரி. அடுத்த கோரிக்கை இதுவாக இருக்க வேண்டும். பணிக்காலத்தில் 60 நாள், முழுச் சம்பளம், மருத்துவமனை உள்நோயாளிச் சான்றின் பேரில். அந்தச் சான்று உண்மையானதாக இருக்கும். அரசுக்கும் கூடுதல் செலவு அதிகம் இல்லை, ஏனென்றால் இப்போதும் எம்எல் என்ற பெயரில் அந்தச் சம்பளம் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

வைகைக்கரை
இதை ஏற்கிறேன். ஒன்றிய அளவில் தீர்மானம் போட்டு மேலே அனுப்பலாம்.

புதுநியமனம்
இடையில் கேட்பதற்கு மன்னியுங்கள். தகுதிகாண் பருவத்தில் இருக்கும் பட்டதாரி ஆசிரியை. மகப்பேறு விடுப்பு போனால் தகுதிகாண் தள்ளிப்போகுமா?

பதிவேடு
முன்பு தள்ளிப்போனது அம்மா. விடுப்புக் காலத்தையும் தகுதிகாண் பருவத்தில் கணக்கிடலாம் என்று 2025 ஏப்ரல் 28 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அதற்கான ஆணையை இணைத்து விண்ணப்பியுங்கள். மகப்பேறு விடுப்பின் அளவு 2021 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளபடி 12 மாதம், முழுச் சம்பளம். இரண்டு குழந்தை வரம்பை வைத்து மறுத்தால், தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மே 23 அன்று தந்த தீர்ப்பைப் படியுங்கள். முதல் திருமணத்தில் இரண்டு குழந்தை என்று மறுத்ததை நீதிமன்றம் ஏற்கவில்லை. மேற்கொண்டு தனி இழையில் கேளுங்கள், இது தாமரைக்குளம் சாரின் இடம்.

தாமரைக்குளம்
மிக்க நன்றி. இஎல் 26 நாள், திங்கள் தொடக்கம் என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு சந்தேகம். என் ஊதிய உயர்வு காலாண்டின் முதல் தேதியில் வரும், அது விடுப்பின் நடுவில் விழுகிறது. அப்பா சீக்கிரம் தேறிவிட்டால் முன்பே வந்து சேரலாமா? தேறாவிட்டால்?

பதிவேடு
ஊதிய உயர்வு தவறாது. ஆனால் உயர்ந்த சம்பளம் பணியில் சேர்ந்த நாளிலிருந்துதான் கையில் வரும், விடுப்பு நாட்களுக்குப் பழைய சம்பளமே. சில நூறு ரூபாய் வித்தியாசம், அதற்காகத் தேதியை மாற்ற வேண்டாம். சான்றில்லாத ஊதியமில்லா விடுப்பு என்றால்தான் உயர்வுத் தேதியே தள்ளிப்போகும்.

முன்கூட்டிச் சேர வேண்டுமானால், விடுப்பை அனுமதித்த வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதி அனுமதி பெற்றுச் சேருங்கள். நேரே போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள், விடுப்பிலும் இருக்கிறீர்கள், பணியிலும் இருக்கிறீர்கள் என்று ஆகிவிடும். மீதி நாட்களுக்கு ரத்து ஆணை வாங்கிப் பதிவேட்டில் திரும்ப வரவு வைக்கச் சொல்லுங்கள். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். நீட்டிக்க வேண்டுமானால் விடுப்பு முடியும் முன்பே நீட்டிப்பு விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். முடிந்த பிறகு கொடுத்தால் இடைப்பட்ட நாட்கள் அனுமதியற்ற வராமை ஆகிவிடும்.

மலைப்பள்ளி
அரசு ஊழியர்களுக்கான களஞ்சியம் செயலியிலும் விண்ணப்பத்தைப் பதிவேற்றுங்கள். தாளில் இஎல் என்றும் செயலியில் வேறு தலைப்பு என்றும் இருந்தால் சம்பளப் பட்டியலில் சிக்கும். பட்டியல் தயாராகும் முன் அனுமதி ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் அந்த மாதச் சம்பளம் நின்று, அடுத்த மாதம் நிலுவையாகத்தான் வரும். மருத்துவமனைச் செலவு இருக்கும் மாதம் என்பதால் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். போகும் முன் எமிஸ் கடவுச்சொல், காலை உணவுப் பதிவேடு, பீரோ சாவி மூன்றையும் எழுதி ஒப்படைத்துத் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்குங்கள். அப்பா நலமாக வீடு திரும்பட்டும்.

தாமரைக்குளம்
தனிக் கடிதத்தையும் அட்டவணையையும் இன்று எழுதிவிட்டேன். நாளை வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கொடுக்கிறேன். 2017 சரண்டர் ஆணையின் நகல் மட்டும் என்னிடம் இல்லை, தேதி மட்டும் தெரியும்.

பதிவேடு
அந்த ஆண்டின் சம்பளப் பதிவேட்டில் சரண்டர் பட்டியல் எண் இருக்கும். அதைப் பார்த்து அட்டவணை ஓரத்தில் எழுதுங்கள், ஆணை நகல் இல்லாமலே எழுத்தர் சரிபார்த்துக்கொள்வார்.